காருக்கும் ஒரு டிக்கட்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூயார்க், பென்ஸில்வேனியா, மேரிலாந்து முதலிய வடபகுதி ராஜ்யங்களில் வசிக்கும் முதியவர்களில் கணிசமான பேர், இலையுதிர் காலம் முற்றிக் குளிர் எட்டிப் பார்க்கும் ஐப்பசி மாதத்தில், வீட்டுத் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிட்டு, தபால்களைத் திருப்பிவிட ஏற்பாடு செய்துவிட்டு, ஃபுளோரிடாவின் வெயிலை நாடிப் புறப்பட்டுவிடுகிறார்கள். சித்திரை பிறந்த பிறகே திரும்பி வருவார்கள். வேறோர் ஊரில் மாதக் கணக்கில் குடித்தனம் செய்யப் போகிறவர்களுக்கு அங்கே கார் இல்லாமல் தீராது. ஃபுளோரிடாவில் பால் வாங்குவதற்கும் பெரும்பாலும் காரில்தான் போகவேண்டியிருக்கிறது. அந்தக் காரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கோ, 95ஆம் எண் நெடுஞ்சாலையில், சாப்பாட்டுக்கும் சிரமபரிகாரத்துக்கும் இறங்கும் நேரம் நீங்கலாக, வாஷிங்டன் பக்கத்திலிருந்தே 12 அல்லது 13 மணி நேரம் ஓட்டியாக வேண்டும். கண் மங்கி முழங்கால் பிடித்துப்போன வயதில் அது லேசான காரியமன்று. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக ஏற்பட்டிருப்பதுதான், மனிதர்களையும் அவர்களுடைய மோட்டார் வண்டிகளையும் ஒருங்கே ஏற்றிக்கொண்டு தினந்தோறும் போய்வரும் ஆட்டோ ட்ரெயின்.

வாஷிங்டன் நகருக்குத் தெற்கே சுமார் 20 மைல் தொலைவில் வர்ஜீனியா ராஜ்யத்திலுள்ள லார்ட்டன் என்ற ஊரில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டு, 855 மைல்களை இரவோடிரவாகக் கடந்து, மறுநாள் காலை 10 மணி சுமாருக்கு, ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்கு அண்மையிலுள்ள ஸான்போர்டில் இது போய் நிற்கிறது. அதே மாலையில் ஸான்போர்டிலிருந்தும் ஒரு வண்டி வடக்கே புறப்படுகிறது. இடையில் எந்த ஸ்டேஷனிலும் யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஏறவேண்டியவர்கள் அனைவரும் ஏறி, ஏற்றவேண்டிய வண்டிகள் அனைத்தும் ஏறிவிட்டால், குறித்த நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவதும் உண்டு என்று கேட்டபோது, ரயில் நேரத்துக்கு வருவதையே ஒரு பாக்கியமாகக் கருதிப் பழகிய எனக்குச் சற்று திகைப்பாகவே இருந்தது.

வர்ஜீனியாவில் நெடுங்காலமாகக் குடியிருந்து வரும் என் நண்பர் விடுமுறைக்குக் குடும்பத்துடன் ஃபுளோரிடா போகத் தீர்மானித்தபோது என்னையும் அழைத்தார். காரிலேயே போய்விடலாமே என்று அவருடைய மனைவி அபிப்பிராயப்பட்டார். நண்பரோ 95ஆம் எண் சாலையின் குணம் அறிந்தவர். வாஷிங்டனுக்கும் ஃப்ரெடரிக்ஸ்பர்க்குக்கும் நடுவே அந்தச் சாலை அடைத்துக்கொள்வது அந்நாட்டில் பிரசித்தம். 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பெய்த பனியில் அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் இரவெல்லாம் அசையாமல் நின்றுவிட்டன; ரிச்மண்டிலிருந்து வாஷிங்டனுக்குப் புறப்பட்ட செனட்டர் டிம் கேய்ன், இரண்டு மணி நேரத்தில் முடியவேண்டிய அந்தப் பிரயாணத்தை 27 மணி நேரத்தில் முடித்தார். செனட்டருக்கே அந்த கதி என்றால் எழுபத்தெட்டு வயதுத் தாயாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நான் எப்படி ஓட்டுவது என்று நண்பர் கேட்டார். அதற்கு மறுமொழி இல்லை, டிக்கட்டுகள் வாங்கப்பட்டன. மனிதர்களுக்குத் தனித்தனியே ஒரு கட்டணம், காருக்கு வேறொரு கட்டணம். கார் இல்லாத மனிதருக்கு இந்த ரயிலில் இடமே கிடையாது என்பது கவனிக்கத்தக்கது. யோசித்துப் பார்த்தால், பிரயாணம் செய்வது கார்தான். மனிதர்கள் அதற்குத் துணையாகப் போகிறார்கள்.

லார்ட்டன் என்ற பெயர் வாஷிங்டன்வாசிகளுக்கு நெடுநாள் சிறைச்சாலையைத்தான் நினைவூட்டி வந்தது. 2001 வரையில் அங்கே இருந்தது தலைநகரின் பெருஞ்சிறை. பெண்களுக்கு வாக்குரிமை கோரி வெள்ளை மாளிகையின் வாயிலில் பதாகை பிடித்து நின்ற மாதர்களை 1917ஆம் ஆண்டு நவம்பரில் இங்கேதான் கொண்டுவந்து அடைத்து, ஓர் இரவு முழுவதும் அடித்துத் துன்புறுத்தினார்கள். மூன்றாண்டுகளுக்குள் அந்த உரிமை அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. சிறைக் கட்டடங்களில் ஒரு பகுதியில் இப்போது சித்திரக்காரர்களும் மண்பாண்டம் செய்கிறவர்களும் தொழில் நடத்துகிறார்கள். ரயிலை இங்கேயே நிறுத்திவிடாமல் நியூயார்க் வரையிலேயே ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். பால்டிமோரிலும் நியூயார்க்கிலும் உள்ள பழைய சுரங்கப் பாதைகளின் கூரை, இரண்டு அடுக்குப் பெட்டிகளுக்கு இடம் கொடுக்கிற அளவுக்கு உயரமானதல்ல. ஆகவே வடக்கிலிருந்து வருகிறவர்கள் லார்ட்டன் வரையில் காரை ஓட்டிக்கொண்டு வந்தே தீரவேண்டும்.

ஸ்டேஷனுக்குள் கார்கள் வரிசையாக நுழையும் இடத்தில் ஓர் ஊழியர், காந்தம் பதித்த எண்பலகை ஒன்றைக் கார்க் கதவில் ஒட்டுகிறார். மற்றொருவர் காரின் நான்கு புறங்களையும் படம் பிடித்துக்கொள்கிறார். ஏற்கெனவே உள்ள கீறல்களுக்கு ரயில்வேயார் பொறுப்பாளிகளல்லர் என்பதற்கு அது சாட்சி. இராத் தங்குவதற்கு வேண்டிய சிறு பையை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் இறங்கிக்கொள்ள, சாவியை வைத்துவிட்டு வந்த அந்தக் காரை முன்பின் தெரியாத ஓர் இளைஞர் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். ரயில் ஸான்போர்டு சேரும் வரையில் காரை மறுபடி பார்க்க முடியாது. மருந்தையோ மூக்குக் கண்ணாடியையோ காரில் விட்டுவிட வேண்டாம் என்று மண்டபத்தில் ஓயாமல் எச்சரிக்கிறார்கள்.

நண்பரின் தாயாருக்கு இந்த வியவகாரம் கொஞ்சமும் ருசிக்கவில்லை.

"ஏண்டா, அத்தனை பெரிய காரை அவன் கையில் கொடுத்துட்டியே, ஒரு ரசீதாவது வாங்கினியா?"

"கதவில் ஒட்டினானே, அந்த நம்பர்தான் அம்மா ரசீது."

"அது காரோட போயிடுத்தேடா!"

அதற்கு நண்பர் சட்டைப் பையிலிருந்து எண் பொறித்த காகிதத்தை எடுத்துக் காட்டியபின் அம்மாள் சமாதானமானார். ஆனாலும் காத்திருந்த நேரமெல்லாம் அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டே இருந்தார்.

கண்ணாடிச் சுவர் வழியாக ஏற்றும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்புறமும் மூடிய தகரப் பெட்டிகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புப் பலகை போட்டு, கடைசிப் பெட்டியின் முனையில் சாய்தளத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். கார் அந்தச் சாய்தளத்தில் ஏறி, ஒரு பெட்டிக்குள் நுழைந்து, அதன் வழியே அடுத்த பெட்டிக்கும் அதற்கடுத்த பெட்டிக்கும் போய், தனக்குரிய ஸ்தானத்தில் நிற்கிறது. சக்கரங்களுக்கு அணை கொடுத்து இறுக்குகிறார்கள். மோட்டார் சைக்கிள்களும் ஏறுகின்றன. முந்நூறு வண்டிகள் வரையில் கொள்ளும் என்றார்கள். பிரயாணிகளுக்கான இரட்டை அடுக்குப் பெட்டிகள் முன்னும், கார்ப் பெட்டிகள் பின்னுமாக எல்லாம் கோத்து முடிந்தால், ரயிலின் நீளம் முக்கால் மைலை நெருங்கிவிடுகிறது. இரண்டு டீஸல் எஞ்சின்கள் சேர்ந்து இழுக்கின்றன. கார்ப் பெட்டிகளின் காரணமாக வேகம் மணிக்கு 70 மைலுக்கு மேற்படுவதில்லை.

இந்த ஏற்பாட்டின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. 1956இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு, தேசமெங்கும் குறுக்கும் நெடுக்குமாக அகன்ற சாலைகள் விரிய விரிய, அமெரிக்க ரயில்களில் ஜனங்கள் குறைந்துகொண்டே போனார்கள். பிரயாணி ரயில்களை நடத்திய கம்பெனிகள் நஷ்டம் தாங்காமல் ஒவ்வொன்றாகக் கைகழுவ முற்பட, 1971ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று ஆம்ட்ராக் என்ற பொது ஸ்தாபனம் எஞ்சிய ரயில்களில் ஒரு பகுதியை ஏற்று நடத்தத் தொடங்கிற்று. சர்க்காரே தயங்கித் தயங்கிக் கைவைத்த அந்தத் தொழிலில், அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி, ஒரு தனி மனிதர் துணிந்து இறங்கினார். யூஜீன் கார்ஃபீல்டு என்பது அவர் பெயர். சர்க்காரின் போக்குவரத்து இலாகாவில் இருந்தவர். காரையும் ஆளையும் சேர்த்து ஏற்றிச் செல்லும் ரயில் பற்றி அந்த இலாகா யோசனை செய்து பார்த்ததுண்டு. அந்த யோசனையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மூலதனம் திரட்டி, ஆட்டோ ட்ரெயின் கம்பெனியை அவர் ஆரம்பித்தார். ஸாண்டா ஃபே முதலிய ரயில்வேக்கள் விற்றுவிட்ட, கண்ணாடிக் கூரை வேய்ந்த பழைய பெட்டிகளையும், கனடா தேசிய ரயில்வேயிடமிருந்த கார்ப் பெட்டிகளையும் வாங்கி, ஊதா, வெள்ளை, சிவப்பு வர்ணங்கள் பூசி, வேறொருவருடைய தண்டவாளத்தின் மீது ஓட்டினார். ஊர் சிரித்தது, ஆனால் ரயில் நிரம்பிற்று.

நிரம்பிய ரயிலைப் பார்த்து ஆசை பெருகுவது மனித சுபாவம். கென்டக்கியிலுள்ள லூயிவில் நகரிலிருந்து ஸான்போர்டுக்கு இரண்டாவது மார்க்கம் ஒன்றைத் தொடங்கினார், அது பலிக்கவில்லை. தடம் புரண்ட விபத்துக்களும் வந்து சேர்ந்தன. கடன் ஏறி, 1981ஆம் ஆண்டு கம்பெனி மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1983 அக்டோபரில், அதே லார்ட்டனுக்கும் ஸான்போர்டுக்கும் நடுவே, அதே பெயரில், ஆம்ட்ராக் அதை மீண்டும் ஓடவைத்தது. ஆம்ட்ராக்கின் தொலைதூர ரயில்களுள் வருமானத்தில் முதல் ஸ்தானம் இதற்குத்தான் என்று சொல்கிறார்கள். மோட்டார் கார் வந்து ரயிலைத் தோற்கடித்த தேசத்தில், தோற்ற ரயில் ஜயித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூலி வாங்கிப் பிழைக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. மற்றத் தொலைதூர ரயில்கள், ரயிலின்மீது பிரியம் கொண்டவர்களை நம்பி ஓடுகின்றன. இந்த ஒன்றோ, காரைப் பிரிய மனமில்லாதவர்களை நம்பி ஓடுகிறது. அமெரிக்காவில் எந்தக் கூட்டம் பெரிது என்று சொல்லவேண்டியதில்லை.

காரை ரயிலில் ஏற்றும் வழக்கம் அமெரிக்கர்களுக்கு மாத்திரம் உரியதன்று. 1955ஆம் ஆண்டிலேயே லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் பெர்த் நகருக்கு இப்படி ஒரு ரயில் ஓடியது. பின்னர் அவ்வகை ரயில்கள் அங்கே பெருகி, பின்னர் மறைந்தும் விட்டன. ஆங்கிலக் கால்வாயின் அடியிலும், ஸ்விட்ஸர்லாந்தின் லோச்பெர்க் மலைக்குள்ளும் காரோடு ரயிலில் போகிறவர்கள் தங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். நம் நாட்டுக் கொங்கண் ரயில்வேயில் லாரிகளை ஏற்றிச் செல்வது 1999 முதல் நடந்துவருகிறது. 2025இல் விநாயக சதுர்த்தியை ஒட்டிக் கார்களையும் ஏற்றத் தொடங்கினார்கள்.

ரயில் புறப்பட்டவுடன் ஆக்கக்குவான் நதியைக் கடந்து, சற்று நேரத்துக்கெல்லாம் பொட்டாமக் நதியின் கரையை ஒட்டி ஓடத் தொடங்கியது. கடற்படைத் துருப்புகளின் குவான்ட்டிக்கோ பாளையத்துக்குத் தெற்கே, இடது பக்கத்து ஜன்னல் முழுவதும் நதி விரிகிறது. அக்கரை மேரிலாந்து. ஐப்பசியின் அந்தி வெயில், சிவந்தும் பழுத்தும் நின்ற மரங்களின் மேல் விழுந்த அழகைப் பார்த்துக்கொண்டே வரலாம் என்று அந்தப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்த எனக்கு, நல்லவேளையாக அந்தப் பகுதி முடிகிற வரையில் வெளிச்சம் இருந்தது. ராப்பஹானக் நதியின் பாலத்தைத் தாண்டினால் ஃப்ரெடரிக்ஸ்பர்க். 1862 டிசம்பரில் வடக்கத்திப் படைகள் அந்த நதியைக் கடந்து, மேட்டில் அரண் அமைத்துக் காத்திருந்த தெற்கத்திப் படைகளை நோக்கி அலை அலையாக ஏறி மடிந்த இடம் அது. ஆஷ்லண்டு என்ற சிற்றூரில் தண்டவாளம் கடைவீதியின் நடுவிலேயே போகிறது. இரு புறத்தும் திண்ணை வைத்த வீடுகளில் விளக்கேற்றியிருந்தார்கள், திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தார் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அதற்குப் பின் இருட்டிவிட்டது. ரிச்மண்டும் ஜேம்ஸ் நதியும் எங்களைப் பொறுத்தவரையில் வெறும் விளக்குகளாகவே கழிந்தன.

போஜன வண்டியில் முன்பின் அறியாதவர்களை ஒரே மேஜையில் உட்காரவைப்பது அமெரிக்க ரயில்களின் பழைய சம்பிரதாயம். காரில் போகிறவனுக்கு இந்த பாக்கியம் கிடையாது; அவன் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான மைல் போனாலும் அயலான் ஒருவனுடைய குரலைக் கேட்கமாட்டான். எங்களுக்கு எதிரே அமர்ந்தவர்கள் பென்ஸில்வேனியாவிலிருந்து வந்த தம்பதிகள். இருவரும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களாக இருந்து ஓய்வுபெற்றவர்கள். அம்மையாரின் தையல் இயந்திரம், அவருடைய கணவரின் தூண்டில் சாமான்கள், பேரக் குழந்தைகளின் படங்கள் என்று குடித்தனத்தில் பாதி காருக்குள் இருக்கிறதாம். முன்னெல்லாம் ஒரே மூச்சில் ஓட்டிவிடுவேன், இப்போது இரவில் எதிர்வரும் விளக்குகள் கண்ணைக் கூசுகின்றன என்றார் கிழவர். அதோடு, தெற்குக் கரோலினா எல்லையிலுள்ள 'சவுத் ஆஃப் த பார்டர்' என்ற வேடிக்கைக் கடைவீதியின் விளம்பரப் பலகைகளைப் பல மைல் தூரத்துக்கு வரிசையாகப் படித்துக்கொண்டு போகிற தொல்லையும் இல்லை என்று அவர் சொல்ல, அவருடைய மனைவியோ, அந்தப் பலகைகளைக் காணாததுதான் தனக்குக் குறை என்றார். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் தீராத வழக்கு அது என்று தெரிந்தது. நண்பரின் தாயார் இவர்களுக்கு மைசூர்பாகு கொடுத்தார். பெயர் கேட்டார்கள், செய்முறை கேட்டார்கள். நெய்யின் அளவைச் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

படுக்கை அறைகள் மிகச் சிறியவை. எதிரெதிர் ஆசனங்கள் இரண்டும் சரிந்து இணைந்து கீழ்ப் படுக்கையாகின்றன. மேல் படுக்கை கூரையிலிருந்து இறங்குகிறது. பெட்டிக்குரிய ஊழியர் வந்து எல்லாவற்றையும் விரித்துத் தந்துவிட்டுப் போனார். தூக்கம் என்று சொல்லத்தக்க தூக்கம் எனக்கு வரவில்லை. சாலை குறுக்கிடும் இடந்தோறும் எஞ்சின், இரண்டு நெடிலும் ஒரு குறிலும் மறுபடி ஒரு நெடிலுமாக ஊதிக்கொண்டே போயிற்று, கரோலினாக்களில் சாலைக் குறுக்கீடுகளுக்குப் பஞ்சமில்லை. நடுநிசியை ஒட்டி ஃபுளோரன்ஸ் என்ற ஊரில் வண்டி நின்றது. எஞ்சின்களுக்கு எண்ணெய் நிரப்பவும், ஓட்டுகிறவர்கள் மாறவும் வழியில் நிற்கும் இடம் அது ஒன்றே. யாரும் இறங்கவில்லை. பிறகு சார்ல்ஸ்டன், சவான்னா முதலிய பழம்பெரும் பட்டணங்களை, பார்க்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்ட பட்டணங்களை, கண்ணை மூடிக்கொண்டு கடந்தோம். இராப் பிரயாணத்தின் பெருங்குறை இது. சாலையில் போகிறவன் நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம். அந்த ஸ்வதந்திரத்தைக் காரோடு சேர்த்து லார்ட்டனிலேயே ஒப்படைத்துவிட்டோம்.

விடியும்போது ஃபுளோரிடா. பனைகளும் ஓக் மரங்களும், அம்மரங்களின் கிளைகளிலிருந்து சடை சடையாகத் தொங்கும் சாம்பல் நிறப் பாசியும், நடுநடுவே சதுப்பு நிலங்களுமாகத் தேசமே மாறிவிட்டிருந்தது. பலாட்காவுக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் நதியைக் கடக்கிறோம்; தெற்கிலிருந்து வடக்காக ஓடும் நதி அது, ஓட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாத அளவுக்குச் சாவகாசமானது. அதையடுத்த கிரெஸென்ட் சிட்டியில், 2002 ஏப்ரல் 18ஆம் தேதி, வடக்கே போய்க்கொண்டிருந்த ஆட்டோ ட்ரெயின் தடம் புரண்டு நால்வர் மாண்டார்கள். வெப்பத்தில் தண்டவாளம் நெளிந்துபோனதும், பழுதுபார்த்தபின் அதைச் சரிவர இறுக்காததும் காரணம் என்று விசாரணையில் கண்டார்கள். காலை ஆகாரம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த இடம் வந்து போயிற்று.

ஸான்போர்டை ஸ்தாபித்தவர் ஹென்றி ஷெல்ட்டன் ஸான்போர்டு என்ற ராஜதந்திரி. ஆப்ரஹாம் லிங்கன் அவரை பெல்ஜியத்துக்குத் தூதராக அனுப்பினார். அங்கே லியோபோல்டு மன்னருடன் ஏற்பட்ட சினேகத்தின் பலனாக, காங்கோ நாட்டின்மீது அம்மன்னர் கொண்டாடிய உரிமையை 1884இல் அமெரிக்கா அங்கீகரிக்கும்படி செய்ததில் இவருக்குப் பெரும் பங்குண்டு. அதனால் காங்கோவின் ஜனங்கள் பட்ட பாடு உலகறிந்தது. இந்தப் பக்கத்தில் அவர் செய்தது, 1870இல் மன்ரோ ஏரிக்கரையில் நிலம் வாங்கி ஆரஞ்சுத் தோட்டம் வைத்ததும் ஊர் அமைத்ததுமே. 1894, 1895 குளிர்காலத்தில் உறைபனி விழுந்து அந்த வட்டாரத்து ஆரஞ்சு மரங்களைக் கருக்கிவிட, ஜனங்கள் செலரி பயிரிடலானார்கள். அதில் ஊர் பிரசித்தி பெற்றது. இன்றைக்கு ஸான்போர்டுக்கு வரும் ஆட்டோ ட்ரெயின் பிரயாணிகளில் பெரும்பாலோர் ஊருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் அனுமானம். காரை வாங்கிக்கொண்டு நேரே கடற்கரைக்கோ, மிக்கி எலி அரசாளும் கேளிக்கைப் பட்டணத்துக்கோ போய்விடுகிறார்கள்.

காரை வாங்குவது எளிதன்று. கார்ப் பெட்டிகளைக் கழற்றி, பகுதி பகுதியாகப் பிரித்து, வெவ்வேறு சாய்தளங்களில் கொண்டுவந்து சேர்த்து இறக்கவேண்டும். முதலில் வந்து கொடுத்தவனுக்கு முதலில் கிடைக்கும் என்ற நியதி இல்லை. எந்தப் பெட்டி எந்தச் சாய்தளத்துக்கு வருகிறதோ அதைப் பொறுத்தது. ஒலிபெருக்கியில் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கூடுதலாகப் பணம் கட்டியவர்களின் கார்கள் முன்னதாக இறங்குகின்றன. மற்றப்படி விலையுயர்ந்த வண்டிக்காரரும் பழைய வண்டிக்காரரும் ஒரே நிழலில், ஒரே பெஞ்சியில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். முந்தின இரவு மேஜையில் பேசிப் பழகியவர்கள் இப்போது ஒருவர் எண்ணை மற்றவர் கேட்டு வைத்துக்கொண்டார்கள். பென்ஸில்வேனியா தம்பதிகளின் கார் எங்களுக்கு முந்திவிட்டது. மைசூர்பாகு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அவர்கள் விடைபெற்றார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எங்கள் எண்ணை ஒலிபெருக்கியில் சொன்னபோது நண்பரோ அவருடைய மனைவியோ கவனிக்கவில்லை. அமெரிக்க உச்சரிப்பு தனக்குப் புரிவதில்லை என்று முந்தின நாள் முழுவதும் குறைப்பட்டுக்கொண்டிருந்த அம்மாள்தான், "நம்மதுடா, எழுந்திரு" என்று கிளம்பினார். கதவிலிருந்த எண்பலகையைக் கழற்றிக்கொண்டு காரைக் கொடுத்தார்கள், நண்பர் காரைச் சுற்றிவந்து பார்த்தார், அம்மாள் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி ஊறுகாய் ஜாடி சாயாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அருகிலுள்ள கேஸல்பெரியில் ஒரு கோயில் இருக்கிறது, முதலில் அங்கே போய்விட்டுத்தான் மற்றதெல்லாம் என்பது அவருடைய உத்தரவு. நான்காம் எண் நெடுஞ்சாலையில் ஏறினோம். கால் மணி நேரத்துக்கெல்லாம் எங்களுக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றுவிட்டிருந்தன. என்ன விபத்தோ, என்ன மராமத்தோ, ஒன்றும் தெரியவில்லை. நண்பர் எஞ்சினை அணைத்தார்.